இந்த வீட்டுத் தண்ணி

உலகத்தில் இதுவரை கெட்டுப்போன இயந்திரங்கள் அத்தனையும் அடுத்தவரிடம் யோசனை கேட்டதால்தான் கெட்டுப்போயின. இது லுதோவிக்கின் கண்டுபிடிப்பு.

ஒரு திருகாணி லேசாகத் தளர்ந்திருக்கும். சொந்தக்காரன் அதை நாலு பேரிடம் சொல்வான். நாலு பேரும் நாலு வழி சொல்வார்கள். அந்தக் குழப்பம் தாங்காமல் இயந்திரம் உயிரை விடும். மனிதன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது. மிச்சத்தை இயந்திரமே சொல்லிவிடும்.

இதை அவன் தலத்தெரு வீட்டுக் கொல்லையில், மோட்டாருக்கு முன்னால் குந்தியபடி, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மனைவியிடம் சொன்னான். சிரிக்காமல் சொன்னான். இந்த விஷயத்தில் அவன் சிரிப்பதில்லை.

விஷ்ணுப்ரியாவும் சிரிக்கவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். தண்ணி வருமா, வராதா?"

"வரும்."

"எப்ப?"

"மோட்டார் சொல்லும்."

அவள் வானத்தைப் பார்த்தாள். அங்கே தண்ணீர்த் தொட்டி காலியாக உட்கார்ந்திருந்தது.

வேறு எந்த ஞாயிறாக இருந்தாலும் இது ஒரு பெரிய விஷயமில்லை. ஆனால் இன்றைக்கு அவள் அப்பா வருகிறார்.

இரண்டு வருஷத்துக்கு முன் பதிவாளர் அலுவலகப் படியில் நின்று, மகளுக்கும் புது மாப்பிள்ளைக்கும் கேட்கும்படி நல்லம்பல் திருஞானசம்பந்தம் ஒரு வார்த்தை சொன்னார். "அந்த வீட்டுத் தண்ணி என் தொண்டையில இறங்காது." அன்றிலிருந்து அவர் மகளோடு பேசவில்லை. அம்மா கல்யாணசுந்தரி மட்டும் மாட்டுக்கொட்டகையில் நின்று ரகசியமாகப் போன் பண்ணுவாள். போன வாரம் பிரியாவுக்குப் பிரான்ஸ் விசா வந்த செய்தியை அம்மாவிடம் அப்படித்தான் சொன்னார்கள். மறுநாள் காலை அம்மா திரும்பக் கூப்பிட்டாள். அழுதபடியே, "ஞாயித்துக்கிழம அங்க சாப்பிட வர்றாராம்டி. ஏன்னு நான் கேக்கல. நீயும் கேக்காத" என்றாள்.

"அவரு சாப்பிட்டுட்டு எந்திரிச்சாப் போதாது லுதோ," என்றாள் பிரியா இப்போது. "இந்த வீட்டுத் தண்ணிய ஒரு வாய் குடிச்சிருக்கணும். குடிக்காமப் போயிட்டாருன்னா வந்ததும் வராததும் ஒண்ணுதான். நானும் அப்படியே லியோனுக்குக் கிளம்பிப் போயிட வேண்டியதுதான்."

"கேன் தண்ணி வாங்கி வெச்சா?"

"அது கடைத் தண்ணி. 'கடைத் தண்ணியத்தானே குடிச்சேன்'னு ஊருக்குப் போய்ச் சொல்லுவாரு. எங்கப்பாவ எனக்குத் தெரியாதா?"

லுதோவிக் யோசித்தான். சட்டப்படி அவள் சொன்னது சரி. பிரெஞ்சுக் காகிதங்களை மொழிபெயர்த்துப் பிழைப்பவன் அவன். ஓர் எழுத்துப் பிசகால் பென்ஷன் நின்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறான். பாதி ஊர் அவனிடம் யோசனை கேட்டுத்தான் காகிதம் நிரப்புகிறது. அது வேறு. காகிதம் இயந்திரமில்லை.

"குரூப்ல கேட்டுடவா?" என்றாள் பிரியா.

அவன் திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

'நாமளே செய்வோம்' என்பது அந்தக் குரூப்பின் பெயர். பெரியபேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் ஆஃப்ரின் ஆரம்பித்தது. கோட்டுச்சேரியிலிருந்து திருமலைராயன்பட்டினம் வரை மிக்ஸி சுற்றாதவர்களும் வைஃபை எட்டாதவர்களும் அதில் இருந்தார்கள். ஒருவர் கேட்பார், தெரிந்தவர் சொல்வார். பிரியா கேட்கப்போய்ச் சேர்ந்தவள். இப்போது சொல்லுகிற இடத்தில் இருந்தாள். எழுத நேரமில்லாததால் பேசியே அனுப்புவாள். அவள் குரல் அங்கே பிரபலம்.

லுதோவிக்கையும் அவள்தான் சேர்த்துவிட்டாள். அவன் இதுவரை ஒரு வார்த்தை எழுதியதில்லை. சிரிப்பதற்காக மட்டும் இருந்தான். "நண்பர் வீட்டுக்காகக் கேக்கறேன்" என்று ஆரம்பிக்கிறவர்களைக் கண்டால் அவனுக்குத் தனிக் குஷி. அதைவிடப் பெரிய குஷி மாட்டுப் படம் போட்ட, யாரும் அறியாத ஒரு நம்பர். பேர் கிடையாது, முகம் கிடையாது, வெள்ளை மாடு மட்டும். வாரம் தவறாமல் அதற்கு ஏதாவது கெட்டுப்போகும். பேசாது, எழுதித்தான் கேட்கும். ஒரு வாரம் ஃபேன். மறுவாரம் டிவி ரிமோட். அதற்கடுத்து, சரியாகிவிட்ட அதே ரிமோட் திரும்பவும். எல்லாவற்றுக்கும் பிரியா பொறுமையாகப் பதில் சொல்வாள்.

"அந்த மாட்டுக்காரன் வீட்டுல எதுதான் ஓடுது?" என்று லுதோவிக் கேட்பான்.

"பாவம், வயசானவரு போல. விடு," என்பாள் அவள்.

காலையில் நடந்தது இதுதான். ஏழு மணிக்குத் தானாக ஓட வேண்டிய மோட்டார் ஓடவில்லை.

தானாக ஓடுவதற்குக் காரணம் கிறிஸ்மஸுக்கு வந்த லுதோவிக்கின் அக்கா ஆன்-லோர். லியோனிலிருந்து ஒரு ஸ்மார்ட் சுவிட்ச் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்கான கணக்கு அவள் பேரில், அவள் பிரெஞ்சு நம்பரில். அதனால் சுவிட்சுக்குள் ஓடியது பிரான்ஸ் நேரம். இங்கே ஏழு என்றால் அங்கே இரவு இரண்டரை. அந்தக் கழித்தலைப் போட்டு, இரண்டரை என்று அதில் வைத்தவன் லுதோவிக். கையோடு பழைய சுவிட்சைப் பிடுங்கி, அந்த இடத்தில் சுண்ணாம்பும் அடித்துவிட்டான். கையால் சுவிட்ச் போடுவது நாகரிகமுள்ளவர்கள் செய்யும் காரியமில்லை என்று அப்போது சொன்னான்.

புதுப் போன் வாங்கியபோது சுவிட்சை இயக்கும் ஆப் அவனை வெளியே தள்ளி, உள்ளே வர ஒரு ரகசிய எண் கேட்டது. அந்த எண் அக்காவின் போனுக்குப் போகும். அக்காவிடம் கேட்க வேண்டும். கேட்பதா? தள்ளிப்போட்டான்.

"சுவிட்ச்சப் பாத்தியா?" அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"அது பிரான்ஸ்லேருந்து வந்தது."

"அதனால?"

"கெடாது."

அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக இதற்கு மேல் ஒரு சாட்சியம் தேவைப்பட்டதில்லை. ஆகவே குற்றவாளி மோட்டார் என்று முடிவாயிற்று. முதலில் கெப்பாசிட்டரை மாற்றினான். ஓடவில்லை. பின்மூடியைக் கழற்றினான். முன்மூடியைக் கழற்றினான். குழாயைக் கழற்றியபோது உள்ளிருந்து தண்ணீர் குபுகுபுவென்று கொட்டித் தரையில் ஓடியது.

"இவ்வளவு தண்ணிய உள்ள வெச்சுக்கிட்டு எப்படிய்யா ஓடும்?" என்று மோட்டாரைக் கேட்டான். பிறகு துணியால் உள்ளே ஈரமில்லாமல் துடைத்து எடுத்தான். சுத்தம் முக்கியம்.

திரும்ப மாட்டி முடித்தபோது ஒரு நட்டு மிச்சமிருந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். செய்தவன் கூடுதலாக ஒன்று வைத்துவிட்டான், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு ஜவஹர் அலி கொடுத்த ஒரு குடம் தண்ணீரில் பிரியா சோறு வடித்தாள், சாம்பார் வைத்தாள், வாழைக்காய் கழுவினாள். தவக்காலமாதலால் இந்த வீட்டிலும் கறி கிடையாது. இரு குடும்பமும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

வாசலில் மொபெட் சத்தம் கேட்டது.

திருஞானசம்பந்தம் வெள்ளைச் சட்டையில் இறங்கினார். ஒரு கையில் பூவன் சீப்பு. மற்றொரு கையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில். வீட்டிலிருந்தே நிரப்பிக் கொண்டு வந்திருந்தார்.

பாட்டிலைப் பிரியா பார்த்தாள். பார்க்காத மாதிரி, "வாங்கப்பா" என்றாள்.

"ம்."

"அம்மா வரலையா?"

"மாடு கன்னு போடற மாதிரி நிக்குது. அவளால விட்டுட்டு வர முடியல."

வாசல் குழாயடியில் செருப்பை விட்டார். வேட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒரு காலை நீட்டி, குழாயைத் திருகினார்.

குழாய் 'ஸ்ஸ்ஸ்' என்றது.

நீட்டிய கால் அந்தரத்தில் நின்றது. இன்னும் கொஞ்சம் திருகினார். இன்னும் கொஞ்சம் 'ஸ்ஸ்ஸ்'.

"தண்ணி இல்லையா?" என்றார். இரண்டு வருஷத்தில் அந்த வீட்டைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி.

லுதோவிக் கையில் ஸ்பானரோடு மூலையில் தோன்றினான். "வந்துடும் மாமா. ஒரு சின்ன..."

"இருங்கப்பா." பிரியா உள்ளே ஓடினாள். குடத்தின் அடியில் கிடந்த மிச்சத்தைச் சொம்பில் கொண்டுவந்தாள்.

அவர் சொம்பை வாங்கவில்லை. "இது எங்கேருந்து?"

"பக்கத்து வீட்டுல வாங்குனதுப்பா."

"அப்ப சரி." கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

பிரியா காலிச் சொம்போடு நின்றாள். அவள் கண் கலங்கியதா, வெயிலா என்று லுதோவிக்குக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது.

"என்ன சொல்லுச்சு உங்க மோட்டாரு?" என்றாள் மெதுவாக. அப்பா காதில் விழும் தூரத்தில் அவனுக்கு 'ங்க' சேர்ந்துவிடும். அந்த 'ங்க' அவனைக் குத்தியது.

"சொல்லிக்கிட்டே இருக்கு," என்று கொல்லைக்கு நடந்தான்.

மாமனார் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டிலை நாற்காலிக்கடியில் வைத்துக்கொண்டார். டிவி போட்டார்கள். ரிமோட்டைக் கையில் கொடுத்ததும் தடுமாறாமல் சேனல் மாற்றி, சத்தம் குறைத்து, செய்திக்கு வந்து நின்றார்.

லுதோவிக் மோட்டாரைச் சுற்றி வந்தான். உட்கார்ந்தான். எழுந்தான். ஒயரைப் பிடித்துப் பார்த்தான், விட்டான். சுண்ணாம்பு அடித்த இடத்தை நகத்தால் சுரண்டினான். பழைய சுவிட்ச் அங்கே இல்லை என்பது மறுபடி உறுதியாயிற்று.

அப்போது போன் அடித்தது. அக்கா.

"அலோ லுதோ! வந்துட்டாரா உன் மாமனாரு? என்ன சொல்றாரு?"

"டிவி பாக்கறாரு. நீ ஏன் இப்படிக் கொட்டாவி விடற?"

"தூக்கமே இல்லடா. ராத்திரி டியூட்டி. அதுல இன்னிக்கு ஒரு மணி நேரத்த வேற புடுங்கிட்டாங்க. கோடைக்கு மணிய மாத்துற நாள் இல்ல? மார்ச் கடைசி ஞாயிறு. ரெண்டு அடிச்ச உடனே மூணு ஆக்கிட்டாங்க."

லுதோவிக் விரல் விட்டு எண்ணினான்.

"அக்கா. அப்ப ரெண்டரை?"

"எந்த ரெண்டரை?"

"ராத்திரி ரெண்டரை மணி."

"அதான் சொல்றேனே. ரெண்டு, அதுக்கப்புறம் மூணு. இன்னிக்கு ரெண்டரையே கெடையாது."

லுதோவிக் மோட்டாரைப் பார்த்தான். காலையிலிருந்து அது ஓடாததற்குக் காரணம், அதை ஓடச் சொல்லியிருந்த நேரம் பிரான்ஸில் வரவேயில்லை. மோட்டாருக்கு ஒரு கேடுமில்லை. கேடு அதற்கப்புறம் வந்தது. இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரோடு வந்தது.

"என்னடா சத்தத்தைக் காணோம்?"

"ஒண்ணுமில்ல. சும்மா, ஒரு டெஸ்டுக்கு... உன் போன்ல அந்தச் சுவிட்ச்ச ஆன் பண்ணேன்."

"பண்ணிட்டேன்."

மோட்டார் கிர்ரென்று எழுந்தது. லுதோவிக் துள்ளி எழுந்தான். தொட்டியைப் பார்த்தான். காத்திருந்தான். மோட்டார் ஓடிற்று. ஓடிக்கொண்டேயிருந்தது. குழாயில் காதை வைத்தான். காற்று. மோட்டாரைத் தொட்டான். சுட்டது.

"ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு!"

"என்னடா பண்ணி வெச்ச?"

"அப்புறம் பேசறேன்."

அடுக்களை ஜன்னல் வழியாகப் பிரியாவின் முகம். "ஓடுச்சே! தண்ணி ஏறுதா?"

"ஏறும்."

"இன்னும் கொஞ்ச நேரத்துல எலை போட்டுடுவேன். டம்ளர்ல தண்ணி வெச்சாகணும்." முகம் மறைந்தது. தேங்காய் அரைக்க மிக்ஸி இரைந்தது.

ஒரு வீடியோவைத் தேடிப் போட்டான். ஒருவர் மோட்டாரைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, தன் சேனலைப் பற்றியும் பிறகு தன் குலதெய்வத்தைப் பற்றியும் சொன்னார். மூடினான். பிரியாவிடம் போய்ச் சொல்லலாம். என்ன சொல்வது? நன்றாயிருந்ததைப் பிரித்துக் கெடுத்தேன், உன் அப்பா பாட்டிலோடேயே திரும்பிப் போகட்டும் என்றா?

அவள் போன் படுக்கையறையில் சார்ஜில் கிடந்தது. அதைப் போய் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டான். கூடத்தைக் கடக்கும்போது மாமனார் நிமிர்ந்து பார்த்தார். அவன் வேலையிருப்பவன் போல நடந்தான்.

கொல்லைக்குத் திரும்பி, துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் குந்தினான். குரூப்பைத் திறந்தான். மைக்கை அமுக்கி, பாவசங்கீர்த்தனத்துக்குப் பாதிரியார் முன் மண்டியிட்டவன் குரலில் பேசினான்.

"வணக்கங்க. எனக்கு இல்லைங்க. ஒரு நண்பர் வீட்டுல, போர் மோட்டாருங்க. கழட்டி மாட்டுனாரு. இப்ப ஓடுது, தண்ணி மட்டும் ஏற மாட்டேங்குது. என்ன பண்ணலாம்னு தெரிஞ்சவங்க கொஞ்சம் சீக்கிரம் சொன்னா நல்லாயிருக்கும். நண்பர் ரொம்பக் கஷ்டத்துல இருக்காரு."

அனுப்பினான்.

மூச்சு விட்டான்.

உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டது.

"வணக்கங்க. எனக்கு இல்லைங்க. ஒரு நண்பர் வீட்டுல..."

கூடத்து ஜன்னல் வழியாக, முழுச் சத்தத்தில் வந்தது. லுதோவிக் கல்லின் மேல் கையூன்றி எழுந்து பார்த்தான். மாமனாரின் கையில் போன். அவர் அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலால் எதையோ தேடினார். இடம் தெரிந்து தேடுகிறவர் மாதிரி இருந்தது. அலமாரியில் வைத்த இடம் மறக்காத சாமானை எடுப்பது போல.

லுதோவிக்கின் போன் அதிர்ந்தது. குரூப்பில் பதில். மாட்டுப் படம்.

வெள்ளை மாடு. வயிறு பெருத்து, கன்று போட நிற்கிற மாடு.

எழுத்து இல்லை. பழைய குரல் செய்தி ஒன்று, எடுத்து அனுப்பியது. அமுக்கினான். பிரியா பேசினாள்.

"அய்யா, மொதல்ல பதறாதீங்க. மோட்டார் மேல ஒரு மூடி இருக்கும் பாருங்க, அதைத் தொறந்து தண்ணி ஊத்துங்க. நெறைய ஊத்துங்க. அது மொதல்ல குடிக்கணும், அப்பத்தான் நமக்குக் குடுக்கும். எங்கப்பா வீட்டு மோட்டாரும் இப்படித்தான் அடிக்கடி மக்கர் பண்ணும், அதான் எனக்குத் தெரியும். சரியாச்சுன்னா சொல்லுங்க அய்யா. என்ன?"

ஃபேன். ரிமோட். திரும்பவும் ரிமோட். சற்று முன் அந்த ரிமோட்டைத் தடுமாறாமல் அமுக்கிய விரல்.

மிக்ஸி நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று அவன் கவனிக்கவில்லை.

"லுதோ?" அடுக்களையிலிருந்து பிரியா. "யாரு பேசுறது? என் கொரல் மாதிரி கேட்டுச்சே?"

ஜன்னலுக்குள் மாமனார் எழுந்து நின்றிருந்தார். அவனை நேராகப் பார்த்தார். தலையை ஒரே ஒரு முறை, லேசாக, இடமும் வலமும் ஆட்டினார். அதட்டல் இல்லை. சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொள்வது மாதிரி இருந்தது.

லுதோவிக் வாயைத் திறந்தான். ஒரு பொய் வசதியாக நாக்கில் வந்து நின்றது. விளம்பரம், டிவி, பக்கத்து வீடு. எதைச் சொன்னாலும் அவள் வெளியே வந்து பார்ப்பாள்.

"உன் கொரல்தான்," என்றான். "குரூப்புல உன் பழைய மெசேஜ். மோட்டாருக்கு என்ன பண்றதுன்னு கேட்டுக்கிட்டிருக்கேன்."

அடுக்களையில் 'ங்க' மறந்துபோயிற்று.

"நீயா? கேக்கறியா?"

"ஆமா."

"குரூப்லயா?"

"ஆமாங்கறேன்ல."

உள்ளே ஒரு கரண்டி கீழே விழுந்தது. அதற்குப் பிறகு வந்த சத்தம் அவள் சிரிப்பு. காலையிலிருந்து முதல் சிரிப்பு. "சரி சரி, கேளு. நல்லாக் கேளு," என்றாள். மிக்ஸி மறுபடி இரைந்தது.

மாமனார் இன்னும் ஜன்னலருகில்தான் நின்றார். லுதோவிக் அவர் பக்கம் நிமிரவில்லை. போனைப் பார்த்துக் குனிந்துகொண்டான். மாட்டுப் படத்துக்குக் கீழே எழுத ஆரம்பித்தான். 'மாமா' என்று எழுதினான். அழித்தான். நண்பரைப் பற்றி ஒரு வரி எழுதினான். அதையும் அழித்தான்.

'அய்யா, எங்க வீட்டு மோட்டார்தாங்க. ஊத்துறதுக்கு வீட்டுல தண்ணி இல்ல. என்ன செய்யலாம்?'

அனுப்பிவிட்டுக் கல்லடியிலேயே குந்தியிருந்தான். கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. கொல்லைக் கதவுப் பக்கம் காலடி கேட்டது. நாற்காலிக்கடியில் இருந்த பாட்டில் இப்போது அங்கே இல்லை.